பழச்சீப்பை யார் எடுப்பது?

நாகர்கோயில் பக்கமெல்லாம் தமிழ்நாட்டோடு சேருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி நடந்தது இது. திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், அரிசி மண்டிகளை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. எனக்குப் பதினெட்டு வயது. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. வேற்று மனிதர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுகிற சுபாவம். இன்றைக்கும் அப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவர் தனியாக வந்தார். கையில் ஒரு சீப்பு பாளையங்கோடன் வாழைப்பழம். அவரை எனக்குத் தெரியும். நாங்கள் துணி எடுக்கிற ஜவுளிக் கடையில் கணக்குப் பிள்ளை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒருமுறை ரவிக்கைத் துணி அளவு குறைந்துபோய், மாற்றித் தரச் சொல்லி நானும் அம்மாவும் நின்றோம். எடுத்துக் கொடுக்கிறவர் முனகினார். இவர் எழுந்து வந்து, தானே அளந்து பார்த்து, வேறு துணி கிழித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அம்மா கடைக்குக் கிளம்பினால் நானும் வருகிறேன் என்பேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசினது இல்லை.

பழத்தைப் பெஞ்சியில் வைத்துவிட்டு அப்பாவிடம் நேரடியாகவே கேட்டுவிட்டார், உங்கள் மகளைக் கட்டிக்கொள்ள ஆசை, முதலில் உங்கள் ஆசி வேண்டும் என்று. தாய் தகப்பன் இல்லை, ஊரில் ஒரு அக்கா மட்டும்தான், அதனால் நானே வந்தேன் என்றார். மாப்பிள்ளையே வந்து பெண் கேட்டு எங்கள் சந்தில் யாரும் பார்த்ததில்லை. அப்பா வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார்.

"எங்கிட்ட எதுக்குவே கேக்கீரு? பிள்ளைக்கு மாமன் கரமனையில இருக்காரு. அங்க போயிக் கேளும்."

"பெத்தவுக நீங்கதானே?"

"அதுல ஒமக்கு என்னவே சந்தேகம்?"

கதவுக்குப் பின்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

எங்கள் ஆட்களில் பழைய வழக்கம் அது. தாய்மாமன்தான் பிள்ளைகளுக்கு எல்லாம்; சொத்தும் அவர் வழிதான். நான் பிறப்பதற்கு முன்பே தகப்பனுக்குத்தான் உரிமை என்று சட்டம் மாறிவிட்டது. ஆனாலும் கல்யாணம் காட்சி என்றால் மாமாவைத் தாண்டி யாரும் பேச மாட்டார்கள். திருநெல்வேலிக்காரருக்கு இது எப்படித் தெரியும்? எழுந்து கும்பிட்டார். சம்மதம் ஆகாமல் பழம் உள்ளே போகக் கூடாது என்று அப்பா சீப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறும் வந்தார், பழத்தோடு. முகம் வாடியிருந்தது. கரமனையில் மாமா அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். "சொத்தைப் பிரிக்கும்போ அவரு, நான்தான் தகப்பன்னு சட்டம் பேசினாரு. இப்பம் மட்டும் நான் மாமனா? பெத்தவருகிட்டயே கேளும், கேட்டோ!" என்று அனுப்பிவிட்டாராம். இதைக் கேட்டதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மாமா வாயால் சரி என்று சொல்லாமல், தான் சொன்னால் நாளைக்குத் தனக்குத்தான் பழி என்றார்.

அதற்கப்புறம் எத்தனை ஞாயிறு என்று நினைவில்லை. கரமனைக்கும் எங்கள் சந்துக்கும் அவர் நடையாய் நடந்தார். இரண்டு பேரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. எனக்கோ பயம் ஒரு பக்கம், அதிசயம் ஒரு பக்கம். சரி என்கிற அந்த ஒரு சொல் எங்கள் வீட்டில் யாரிடம்தான் இருக்கிறது? வைத்த இடம் மறந்த சாவியைத் தேடுகிற மாதிரி அதையே யோசித்துக்கொண்டு அரிசி களைவேன்.

கடைசியாக வந்த அன்று அவர் உட்காரவில்லை. அக்கா ஊரில் ஒரு பெண் பார்த்துவிட்டாளாம், இனி வந்து தொந்தரவு செய்ய மாட்டேன் என்றார். நான் கதவிடுக்கை இன்னும் கொஞ்சம் திறந்து பார்த்தேன். அவர் பெஞ்சியில் வைத்திருந்த பழத்தை எடுக்கக் கையை நீட்டினார்.

அப்போது அடுக்களையிலிருந்து அம்மா வந்தாள். வந்தவர் முன்னால் வந்து நிற்கிற பழக்கமே இல்லாதவள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"தம்பி, எங்கிட்டக் கேட்டியளா?"

அவர் நீட்டின கையை இழுத்துக்கொண்டார். அப்பா, "நீ உள்ள போ" என்றார். அம்மா போகவில்லை.

"எங்க அண்ணன் மாமன் ஆனது நான் தங்கச்சியாப் பொறந்ததால. நீங்க தகப்பன் ஆனது நான் பெத்ததால. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஒருத்தி இருக்கேனா இல்லியா?"

வந்தவர் சட்டென்று குனிந்து அம்மாவைக் கும்பிட்டார். அம்மா கதவுப் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளே, நீ வாயத் தொறக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். இஷ்டம்னா பழத்த எடுத்துட்டு உள்ள போ. இல்லன்னா அங்கியே கெடக்கட்டும்."

கதவிலிருந்து பெஞ்சிக்கு நாலடி இருந்திருக்குமா? நடந்து தீரவில்லை. சீப்பைத் தூக்கினேன். ஒரு பழம் கழன்று விழுந்து உருண்டது. அப்பா அதை எடுத்தார், பார்த்தார், உரித்து வாயில் போட்டுக்கொண்டார். "நல்லாப் பழுத்திருக்கு" என்றார். அவர் சொன்ன சம்மதம் அதுதான்.

மறுநாள் அம்மா பாதிச் சீப்பை எடுத்துக்கொண்டு கரமனைக்குப் போனாள். அங்கே அண்ணனும் தங்கையும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவள் சொல்லவே இல்லை. கல்யாணத்தன்று விடிவதற்கு முன்பே வந்து பந்தலில் நின்றவர் மாமாதான்.

உள்ளே போகாத பழத்தையெல்லாம் வாரம் முழுக்க என்ன செய்தீர்கள் என்று கல்யாணத்துக்குப் பின்னால் இவரைக் கேட்டேன். ராத்திரிச் சாப்பாடே அதுதான் என்றார். சாகிறவரைக்கும் பாளையங்கோடனை அவர் தொட்டதில்லை.

அம்மா அப்படிப் பேசினது அந்த ஒரு நாள்தான். அந்தச் சொல்லை அவள் எத்தனை வருஷமாக உள்ளே வைத்திருந்தாள், அன்றைக்கு மட்டும் ஏன் வெளியே எடுத்தாள் என்று கேட்க எனக்கு அப்போது தைரியம் வரவில்லை. இன்றைக்கும் யாராவது பழத்தோடு வீட்டுக்கு வந்தால், அதை வாங்குகிற என் கை கொஞ்சம் நின்று அம்மாவைத் தேடிவிட்டுத்தான் நீளுகிறது.