உப்பு பார்த்த மூக்கு

ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகும் பிள்ளைகள் சிலருக்கு எங்கள் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. இரண்டாம் ஷிப்டு பஸ் வருமுன் சாப்பிட்டு ஓடுவார்கள். காக்கைக்கு வைக்காமல் எதையும் நான் நாக்கில் வைப்பதில்லை. கொதிக்கிற வாசனையிலேயே உப்பு தெரியும், புளி தெரியும், கெட்டதும் தெரியும்.

அந்த மூக்கு அடைத்துக்கொண்டது. சளி என்றால் நாலு நாளில் விடும். இது விடவில்லை. இரண்டு பக்கமும் அடைப்பு, தொண்டைக்குள் எந்நேரமும் சளி இறங்கும், நெற்றியில் கனம். வாயால்தான் மூச்சு. குறட்டை விடுகிறேன் என்று மருமகள் சொன்னதும் வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திப் படுத்தேன். நொச்சி ஆவி பிடித்தேன். வாசனை போனதை மட்டும் சொல்லவில்லை. மூக்கு செத்தவள் சமைத்தால் யார் சாப்பிட வருவார்கள்?

ஒரு நாள் நல்ல வெயில். விடியலில் செய்து, சூட்டோடு மூடி வைத்த தேங்காய்க் கூட்டைத் திறந்தேன். ஓரத்தில் நுரை. கொதித்த நுரையா, ஊசிய நுரையா? குனிந்து இழுத்தேன். மூச்சே ஏறவில்லை. பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். கரண்டியை எடுத்தேன்.

அன்று லீவில் இருந்த மருமகள் பின்கட்டிலிருந்து ஓடி வந்தாள். "அத்தே! ஊசின நாத்தம் அங்க வரிக்கும் அடிக்குது. உனுக்குத் தெரியல?"

கூட்டை மூடி ஓரமாகத் தள்ளினேன்.

சாயங்காலமே டாக்டரிடம் இழுத்துப்போனாள். அவர் மூக்கில் லைட் அடித்துப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் சதை வளந்திருக்கு பாட்டி. உரிச்ச திராட்சை மாதிரி தொங்குது. எப்பலேர்ந்து வாசனை தெரியல?"

"ஆடிக்கு முன்னாடிலேர்ந்து."

மருமகள் முறைத்தாள். "இத்தினி நாளா வாய்ல கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

முதலில் ஸ்பிரே, சுருங்கவில்லை என்றால் ஆபரேஷன் என்றார் டாக்டர். வாசனை திரும்புமா என்றேன். திரும்பலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்.

மறுநாள் மருமகளுக்குக் காலை ஷிப்டு. நான் மட்டும், மூடிய குழம்பு. முதலில் வந்தவன் மதுரைப் பக்கத்துப் பிள்ளை. கரண்டியில் மொண்டு அவன் முன் நீட்டினேன்.

"எனக்கு மூக்கு தெரியலப்பா. நல்லாகீதான்னு மோந்து சொல்லு."

அவன் என் முகத்தையும் கரண்டியையும் பார்த்தான். குனிந்து ஆழமாக இழுத்தான்.

"நல்லாத்தான் மணக்குது ஆத்தா. ஊத்துங்க, பஸ்ஸு வந்துரும்."