ஐந்து சிலிண்டரும் ஒரு நாற்காலியும்

என் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு கொடுத்து அனுப்பிய அன்று கேக் வெட்டினார்கள், கைக்கடிகாரம் கொடுத்தார்கள். மறுநாள் காலை அவர் சிங்கப்பூரில் எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டு ஜன்னலோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். நான் தேக்காவில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். காலையில் கடைக்குக் கிளம்பும்போது எப்படி இருந்தாரோ, சாயந்தரம் திரும்பும்போதும் அப்படியே இருப்பார். "சாப்டீங்களா?" என்றால் "ம்." "கீழ இறங்கி நடந்தீங்களா?" என்றால் அதற்கும் "ம்." எதிர்த்துச் சண்டை போடுகிற மனுஷரோடு வாழத்தான் எனக்குத் தெரியும். அந்த "ம்" என்னைப் பயமுறுத்தியது.

அவரை எழுப்பியது நான் இல்லை, ஒரு சீன முதலாளி. ஆங் மோ கியோவில் கார் பட்டறை வைத்திருந்தவர், இவருக்குப் பல வருடப் பழக்கம். பத்து வருடம் ஆகிவிட்டால் நன்றாக ஓடுகிற காரையும் பிரித்துப் போடுகிற ஊர் இது. அவர் பட்டறையில் பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை. யாரோ ஆசையாக வைத்திருந்து கைவிட்ட பழைய ரகக் கார் ஒன்று வந்திருக்கிறது, தண்ணீர் இல்லாமல் காற்றிலேயே குளிர்கிற எஞ்சின், சிலிண்டர்கள் தனித்தனியாகக் கழலும், வந்து பார் என்று ஒருநாள் போன் செய்தார். இவர் போனார். திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் கிரீஸ்.

"ரேடியல் எஞ்சின் செய்யப் போறேன்" என்றார். அத்தனை மாதங்களில் நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அது. சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டு, குளியலறையில் நின்று கொஞ்சம் அழுதேன்.

ரேடியல் என்றால் பழைய விமானங்களின் மூக்கில் இருக்குமே, அந்த எஞ்சின். சாதாரண கார் எஞ்சினில் சிலிண்டர்கள் வரிசையில் நிற்கும். இதில் நடுத்தண்டைச் சுற்றி நந்தியாவட்டை இதழ் மாதிரி விரிந்திருக்கும். அந்தக் காரில் கிடைத்தவை நான்கு. "நாலுலயே முடிச்சிருங்களேன்" என்றேன். "ஒத்தைப்படையா இருந்தாத்தான் சீரா வெடிக்கும்" என்றார். நூறு வெள்ளி மொய் என்றாலும் கவரில் ஒரு வெள்ளி சேர்த்து வைக்கிற வீட்டில் பிறந்தவள் நான், அதற்கு மேல் வாதாடவில்லை. ஐந்தாவது சிலிண்டர் பாசிர் ரிஸ்ஸில் ஒருவர் வீட்டு வாசலில் இருந்தது. அதில் மணி பிளான்ட் வளர்த்துக்கொண்டிருந்தார். வேறு தொட்டி வாங்கிக் கொடுத்து அதை வாங்கி வந்தோம்.

பட்டறையில் ஒரு மூலையை முதலாளி இவருக்கென்றே ஒதுக்கினார். வாடகை பற்றிப் பேசினால் காது கேட்காததுபோல் இருந்துவிடுவார். எனக்கும் அங்கே வேலை வந்தது. பாகங்களுக்கு நடுவே எண்ணெய் ஒழுகாமல் இருக்க ஒருவகைத் தடித்த காகிதத்தை வெட்டி வைப்பார்கள், கேஸ்கெட் என்று பெயர். அதை வெட்ட இந்த மனுஷர் என் துணிக் கத்திரிக்கோலை எடுத்திருந்தார். துணி வெட்டுகிற கத்திரியில் காகிதத்தை வெட்டுவது எங்கள் தொழிலில் மன்னிக்க முடியாத பாவம். அன்று நான் போட்ட சத்தத்தில் முதலாளி காரின் அடியிலிருந்து வெளியே வரவே இல்லை. "நீயே வெட்டேன் பார்ப்போம்!" என்று இவரும் பதிலுக்குக் கத்தினார். அந்தச் சண்டை எவ்வளவு இனித்தது என்று அவரிடம் இதுவரை சொன்னதில்லை. பழைய கத்திரி ஒன்றை எடுத்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, எல்லா கேஸ்கெட்டையும் நானே வெட்டினேன்.

எஞ்சின் முடியும் தறுவாயில் பட்டறைக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று சேதி வந்தது. முதலாளியும் தொழிலை விட்டுவிடுவதாகச் சொன்னார். அந்த எஞ்சினை அடுக்குமாடி வீட்டில் வைத்து ஓட்டினால் போலீஸ்தான் வரும். பட்டறையிலேயே ஓடினால்தான் உண்டு. ஓடாமல் போனால் இவர் மறுபடி அந்த நாற்காலிக்கே போய்விடுவார் என்று பயந்தேன்.

கடைசி மரையை முறுக்கி முடித்த மறுநாள் ஆயுத பூஜை. அதற்கடுத்த நாள் மதியம் முதலாளி சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "பூஜை போட்டத இன்னிக்குத் தொடக் கூடாது, நாளைக்கு விஜயதசமி, நல்லபடியா ஆரம்பிங்க" என்றேன். முணுமுணுத்தாலும் கேட்டுக்கொண்டார். கேம்பல் லேனில் வாங்கிய மாலையைப் போட்டு, கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்தோம். ஓரமாக நின்ற முதலாளி, "ஐ ஆல்சோ கேன் ஆ?" என்று கேட்டார். இவர் எஞ்சினுக்கு மேலே தொங்கிய பெட்ரோல் டாங்கின் மூடியைக் காட்டி, "மிடில்ல போடுங்க பாஸ்" என்றார். அவரும் பெருவிரலால் சந்தனத்தை அள்ளி, நட்ட நடுவில் அழுத்தி வைத்து, மேலே குங்குமமும் வைத்தார்.

விஜயதசமி காலை எஞ்சின் ஒரே முயற்சியில் பிடித்துக்கொண்டது. மூவரும் கத்தினோம். கத்தி முடிப்பதற்குள் இருமி நின்றது. கொஞ்சம் விட்டு மறுபடி கிளப்பினால் மறுபடி ஓடி, மறுபடி நின்றது. பிளக்கைக் கழற்றினார், கார்புரேட்டரைப் பிரித்தார், மாட்டினார். மணி பதினொன்றைத் தாண்டியது. அவர் கேள்விகளுக்குப் பதில் சொல்வது குறைந்தது. "ஒயர்ல ஏதாச்சுமா?" என்று கேட்டேன்.

"ம்" என்றார்.

பெட்ரோல் போதுமா என்று பார்க்க டாங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. அப்படியே நின்று மூடியைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஊசி நுழைகிற அளவில் ஒரு துளை. பெட்ரோல் இறங்க இறங்க அது வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் பெட்ரோல் இறங்காது. பால் டின்னில் இரண்டு ஓட்டை போடுகிறோமே, அதே சங்கதி. அந்தத் துளையில் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது.

முதலாளியின் முகம் சுருங்கிப்போனது. "ஐ ஸ்பாயில் ஆ?"

"நோ லா பாஸ், நாந்தானே இடத்தக் காட்டினேன்!" என்று சொல்லிவிட்டு இவர் சிரித்தார். பட்டறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பழையபடி சிரித்தார். என் ரவிக்கை ஊக்கால் துளையைக் குத்தித் திறந்தோம். பிறகு எஞ்சின் டாங்க் காலியாகும்வரை ஓடியது. முதலாளி ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் இவர் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்லி மாளாது.

எஞ்சின் இப்போது என் கடையில் இருக்கிறது, துணி அலமாரிக்குப் பக்கத்தில். இவரும் தினமும் வந்துவிடுகிறார். ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவர்கள் ஐந்து சிலிண்டர் கதையைக் கேட்காமல் போக முடியாது. கேட்பவர்கள் உட்காரட்டும் என்று ஜன்னலோர நாற்காலியைக் கடைக்கே கொண்டுவந்துவிட்டேன். அவர் நின்றபடிதான் பேசுகிறார். கைவேலையும் அவசரமுமாக இருக்கும்போது, "கொஞ்சம் வாயை மூடுங்களேன்" என்று நாக்கு நுனிவரை வரும். சொல்ல மாட்டேன்.