ஆராத்தித் தட்டுடன் மேடையில் நின்றபோது

தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு என் இதயத்துக்குள் சில இடங்களைச் சுட்டுவிட்டார்கள். ஒழுங்கில்லாமல் துடித்துக்கொண்டிருந்தது அடங்கியது. அந்த அமைதி எனக்குப் புதிது. யன்னலோரம் இருந்து பனி இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், உள்ளே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும்.

"திரும்பி வருமா?" என்று டாக்டரிடம் கேட்கவே எனக்குப் பல நாள் பிடித்தது.

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் என் இதயம், குளத்தடியில் வாயைத் திறந்து மூடும் மீன்போலத் தெரிந்தது. இடது மேலறை கொஞ்சம் பெருத்திருக்கிறது, நோயும் பல வருடம் இருந்திருக்கிறது, அதனால் வரக்கூடும் என்றார். முதல் மூன்று மாதம் தடுமாறினால் அது புண் ஆறுவதாலும் இருக்கலாம். அதன் பிறகு துடிப்பைப் பதியும் கருவியை நெஞ்சில் கட்டிப் பார்ப்போம், பழைய தடுமாற்றம் தெரிந்தால் மறுபடியும் சுட வேண்டி வரலாம் என்றார்.

கருவி கட்டுவதற்கு டாக்டர் தந்த டெர்மின், அந்தச் சந்திப்பு நாள், ஒரு வெள்ளிக்கிழமை விழுந்தது. கட்டினால் திங்கள்தான் கழற்றுவார்கள். சனிக்கிழமை, ஜெர்மனியின் இன்னொரு நகரமான கெல்சென்கிர்ச்சனில், பெரிய பிள்ளையான தங்கை மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. திகதியை மாற்றித் தாருங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. "வித்தியாசமாக ஏதாவது உணர்ந்தால் இந்தப் பொத்தானை அழுத்துங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

சேலைக்குள் கருவியை மறைத்துக்கொண்டு மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்தேன். தங்கை மைக்கைப் பிடித்தாள்.

"பெரியம்மா இன்னும் ஆராத்தி எடுக்கேல்லை. அக்கா, மேடைக்கு வாங்கோ!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. தட்டின் மறுபக்கத்தை மச்சாள் பிடித்தா. வாழைப்பழத் துண்டுகளில் திரிகள் எரிந்தன.

"அக்கா, கமராவைப் பாருங்கோ, கொஞ்சம் சிரியுங்கோ," என்றான் வீடியோக்காரன். "வயர் ஒண்டு வெளியிலை தெரியுது."

"அது உள்ளுக்கை வேறை ஒரு வீடியோ ஓடுது தம்பி!" என்று கீழேயிருந்து என் கணவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

என் நெஞ்சு பாய்ந்தது. வந்துவிட்டது என்று நினைத்தேன். சுடர்கள் கரைந்து ஒரே மஞ்சளாகின, சிரிப்புச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போனது. ஒரு கையைத் தட்டிலிருந்து எடுத்து, சேலைக்கு மேலாலேயே பொத்தானை அழுத்தினேன்.

அடுத்த கிழமை டாக்டர் கருவியின் பதிவில், நான் பொத்தானை அழுத்திய இடத்தில் விரலை வைத்தார்.

"அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"மேடையில் நின்றேன். படம் எடுத்தார்கள்."

அவர் சிரித்துவிட்டார். "நல்ல வேகம். ஆனால் ஒழுங்கான துடிப்பு. இது நோயில்லை, கூச்சம்." பழைய தடுமாற்றம் மூன்று நாளிலும் எங்குமே இல்லை என்றார். இனி வரவே வராது என்று மட்டும் தன்னால் சொல்ல முடியாதாம்.

"என்னவாம்?" என்று வெளியே காத்திருந்த கணவர் கேட்டார்.

"கூச்சமாம்."

"அதைச் சொல்ல மிசின் வேணுமே? என்னைக் கேட்டிருக்கலாமே அப்பா!"

தங்கை அனுப்பிய வீடியோவில் அந்த இடத்தை இப்போதும் சில வேளை பார்ப்பேன். பயந்த முகத்துடன் ஒரு பெண், நெஞ்சில் கை, முன்னால் சுடர்கள். ஒழுங்காகத்தான் அடிக்குது, கொஞ்சம் சிரியும் என்று அவளிடம் சொல்லத் தோன்றும்.