பக்கம் திருப்பும் முன்பே படித்த மகள்

பென்னலூரில் குடியிருந்தபோது என் மகள் இரண்டாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தைத் தடங்கலில்லாமல் படிப்பாள். ஒருநாள் பக்கத்தைத் திருப்பும் முன்பே அடுத்த பக்கத்து வரியைச் சொல்லிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

ஷிப்ட் முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன். "நல்லாத்தான படிக்குது? உனுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?" என்று சிரித்தார்.

எனக்கு மனம் ஆறவில்லை. மறுநாள் அவள் படிக்கும்போது பாடத்திலிருந்த படத்தைக் கையால் மூடினேன். படிப்பதைச் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"கைய எடும்மா! படம் தெரிஞ்சாதான படிக்க முடியும்?"

வகுப்பில் எல்லாரும் சேர்ந்து சொல்வதைக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறாள். பாதி எழுத்துகள் தெரியவில்லை. கூச்சத்தை விட்டு டீச்சரிடம் சொன்னேன். அவர் தனியாக உட்காரவைத்து எழுத்துக்கூட்டச் சொல்லித்தந்தார்.

அதன்பிறகு மளிகைப் பொட்டலக் காகிதத்தைக் கொடுத்துத்தான் படிக்கச் சொன்னேன். அவள் திணறிப் படித்தால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.