ராணியின் நிறத்துக்குப் பொருந்தாத தெலேசியா

ஆக்லாந்துக்குத் தெற்கே, மாங்கரேயில் உள்ள ஒரு குளிர்பதனக் கிடங்கில் சரக்குப் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவள் தெலேசியா. ஆறடிக்குக் குறையாத உயரம், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் தோள். பெண்கள் ரக்பி அணியில் அவள் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் சினிமாக்காரர்கள் மைதானத்துக்கே ஆள் தேடி வந்தார்கள். அரக்கர் படைக்குப் பெரிய உடம்பாக வேண்டும், மற்றதை ரப்பர் பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.

ரப்பர் நன்றாகவே பார்த்துக்கொண்டது. விடியுமுன் ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்தால், கொம்பும் தந்தமும் தொங்கும் கன்னமும் ஒட்டி முடிப்பதற்குள் பசி வந்து போய்விடும். படம் வெளியானபோது குடும்பமே தியேட்டரில் ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டது.

“அதோ நம்ம தெலேசியா,” என்று பெரியம்மா சவேலினா கைதட்டினாள்.

“பெரியம்மா, அது யாரோ டோங்காத் தீவுக்காரர். நான் இன்னும் வரவே இல்ல.”

“நடை உன் நடை மாதிரியே இருக்கேடீ.”

“அக்கா, நீ எப்பச் சாவே? அதுக்குள்ள போய் பாப்கார்ன் வாங்கிட்டு வந்துடறேன்,” என்றாள் தங்கை லாகி.

“பாலத்துலேர்ந்து விழுவேன், பாரு.”

பாலத்திலிருந்து ஒரு பெருங்கூட்டமே விழுந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பெரியம்மா அத்தனை பேருக்கும் கைதட்டினாள்.

அதற்குப் பிறகு எந்தப் பெரிய படம் வந்தாலும் தெலேசியாவைக் கூப்பிட்டார்கள். வெட்டுகிறவர்கள் எல்லாம் பொன்னிற முடிக்காரர்கள். வெட்டுப்படுகிற பக்கம் ரப்பரை உரித்துப் பார்த்தால் தீவுக்காரர்கள் வாழும் மாங்கரேயும் பக்கத்து ஓட்டாராவும் மொத்தமாக நின்றுகொண்டிருக்கும். தெலேசியா அதைச் சொல்லிச் சிரிப்பாளே தவிர வருத்தப்பட்டதில்லை. அரக்கனுக்கு ஊரும் கிடையாது, உறவும் கிடையாது, எந்தச் சாயம் பூசினால்தான் என்ன என்று இருந்துவிட்டாள்.

பிறகு அந்தத் தீவுப் படம் வந்தது. கடலை ஆண்ட ஒரு ராணியின் கதை. தீவுக்காரர்கள் வேண்டும், முகமூடி இல்லை என்று ஆள் எடுத்தார்கள். தெலேசியாவுக்கு ராணியின் தோழி வேடம். வசனம் கிடையாது, ஆனால் முகம் தெரியும். லாகியும் கூட்டத்தில் ஒருத்தியாகச் சேர்ந்துகொண்டாள்.

ராணியாக நடிக்கக் கடல் கடந்து ஒரு நட்சத்திரம் வந்திருந்தாள். பால் போல வெளுத்த பெண். அவளுக்குத் தினமும் பழுப்புச் சாயம் அடித்தார்கள். சாயம் தனியாகப் பார்த்தால் பரவாயில்லை. தீவுக்காரர்கள் பக்கத்தில் போய் நின்றதும் அவள் மட்டும் கேரட் நிறத்தில் தெரிந்தாள். கேமராவில் அதைப் பார்த்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மறுநாள் காலை, கூடாரத்தில் தெலேசியாவை நிற்கவைத்து ஒப்பனைப் பெண் தெளிப்பானை எடுத்தாள்.

“இது எதுக்கும்மா?” என்றாள் தெலேசியா.

“எல்லாருக்கும்தாங்க. ராணியோட நிறத்துக்கு நீங்க பொருந்தணுமாம்.”

“நானா?”

அந்தப் பெண்ணுக்கே முகம் சிவந்துவிட்டது. “எனக்குச் சொன்னதைத்தாங்க செய்யறேன்.”

தெலேசியாவுக்குக் கோபத்துக்கு முன்னால் சிரிப்புதான் வந்தது. சிரித்து முடித்ததும் தன் கையைப் பார்த்தாள். அம்மாவின் நிறம் அது. அதன் மேல் அதே நிறத்தின் போலியைப் பூசப்போகிறார்கள். அவள் வெளியே வந்து புல்தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“அக்கா, எழுந்திரு. வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க,” என்றாள் லாகி.

“தூக்கட்டும். என்னைத் தூக்க நாலு பேராவது வேணும்.”

லாகி சுற்றுமுற்றும் பார்த்தாள். முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு ஒரு டோங்காக் கிழவர், இரண்டு மாவோரிப் பெண்கள். கொஞ்ச நேரத்தில் ராணியின் நாட்டு மக்கள் மொத்தமும் புல்லில் இருந்தார்கள். யாரோ தேவாலயப் பாட்டு ஒன்றைத் தொடங்க, நாலு குரலாகப் பிரிந்து அது மைதானம் முழுக்கப் பரவியது.

உதவி இயக்குநர் கைல் ஓடிவந்தான். “என்னங்க இது? நேரம் போகுது.”

“உக்காரு தம்பி,” என்றாள் தெலேசியா. “இத்தனை வருஷமா என் மூஞ்சிய மூடினீங்க, நான் ஒண்ணும் சொல்லல. இது எங்க ஜனத்தோட கதைன்னு நீங்கதான் சொன்னீங்க. எங்களுக்கே சாயம் பூசி எங்களை நாங்களா ஆக்கினா எப்படி?”

கைல் நட்சத்திரத்தின் ஓய்வு வண்டியைப் பார்த்து ஓடினான். வண்டியிலிருந்து நட்சத்திரம் எட்டிப் பார்த்தாள். விஷயம் தெரிந்ததும் சாயமுகத்தோடு வந்து புல்லில் உட்கார்ந்தாள். “எனக்கும் இது அசிங்கமாத்தான் இருக்கு,” என்றாள்.

“இருக்கட்டும்மா, சாப்பிடு,” என்று லாகி தன் டப்பாவிலிருந்து தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கிழங்கை நீட்டினாள்.

மதியத்துக்குள் தெளிப்பான் மூட்டை கட்டப்பட்டது. ஆனால் தெலேசியாவையும் மற்றவர்களையும் ராணியிடமிருந்து வெகுதூரம் தள்ளி நிறுத்தினார்கள். வந்த படத்தில் அவர்கள் கடுகளவு புள்ளிகள். கேரட் ராணியைப் பார்த்து ஊர் சிரித்தது. படம் சீக்கிரமே பெட்டிக்குள் போனது.

தெலேசியாவை இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று பெரியம்மா முடிவுகட்டிவிட்டாள். கூப்பிட்டது நிகோலா என்ற பெண். அன்று புல்தரை ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டவள். படங்களுக்கு ஆள் தேர்ந்தெடுப்பது அவள் வேலை.

“விண்வெளிப் படம். சரக்குத் துறைமுகத்துத் தலைவர் வேஷம். ராபர்ட்னு ஒரு ஆணுக்குத்தான் எழுதியிருக்காங்க. நீங்க வந்து படிச்சுக் காட்டறீங்களா?”

“நானா? எந்தக் கிரகத்து ஜந்து?”

“ஜந்து இல்லீங்க. மனுஷிதான். மூஞ்சி கழுவிட்டு வந்தா போதும்.”

தேர்வு அறையில் தெலேசியா வசனத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டாள். உறுமியே பழகிய வாய்க்கு வார்த்தை வரவில்லை. கடைசியில், கிடங்கில் பெட்டிகளைத் தாறுமாறாக அடுக்குகிற ஓட்டுநர்களை நினைத்துக்கொண்டு ஒரு அதட்டு அதட்டினாள். அறையில் இருந்தவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வேடம் அவளுக்கே கிடைத்தது. ராபர்ட் என்ற பெயரை அடித்துவிட்டு என்ன போடலாம் என்று கேட்டபோது, அம்மாவின் பெயரைச் சொன்னாள்: ஃபெதுவாவோ.

படப்பிடிப்பில் விளக்கின் சூடு, நடுவில் ரப்பர் இல்லாமல், நேராகக் கன்னத்தில் பட்டது. வியர்த்தால் கையால் துடைத்துக்கொள்ள முடிந்தது. இயக்குநர் தயங்கித் தயங்கி, “இன்னொரு தடவை எடுக்கலாமா?” என்று கேட்டார்.

“எத்தனை தடவை வேணும்னாலும் எடுங்க தம்பி,” என்று தெலேசியா தரையில் தனக்குக் குறியிட்ட இடத்துக்குத் திரும்பி நடந்தாள்.