கேட்டால்தான் விரல் உயரும்

எங்கள் கடைக்கு வந்த முதல் ஆள் என்னிடம் கொக்கி கேட்டார். ஓய்வுபெற்ற தபால்காரர், ஆறடிக்கு மேல் உயரம், காது இரண்டும் சிவக்க நின்றுகொண்டு பிரெஞ்சில் மெல்லக் கேட்டார். எனக்கு அப்போது தெரிந்த பிரெஞ்சு பஸ்ஸில் ஏறி இறங்கப் போதுமானது. ஆனால் கொக்கி என்ற சொல் காதில் தெளிவாக விழுந்தது. நான் தையல்காரி. காற்சட்டைக் கொக்கி என்னிடம் நாலு அளவில் இருந்தது. பெட்டியோடு தூக்கி மேசையில் வைத்து, பெரிதா சின்னனா என்று விரலால் காட்டிக் கேட்டேன். அந்த மனிதர் பெட்டியைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார்.

பின்னால் நின்ற என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வந்தவர் கேட்டது, படக்கூடாத இடத்தில் பந்து பட்டுவிடாமல் ஆண்கள் உள்ளே போட்டுக்கொள்கிற கவசம். பிரெஞ்சில் அதற்குக் 'கொக்கீய்' என்று பெயர். சிப்பி ஓடு என்று அர்த்தமாம். அன்றிலிருந்து வீட்டில் நான் கொக்கிக்காரி. "இஞ்சரும் கொக்கிக்காரி" என்று கூப்பிட்டால் நான் திரும்பமாட்டேன், ஆனால் காதில் வாங்கிக்கொள்வேன்.

பேஸ்பால் அம்பயர்மாருக்குச் சாமான் விற்கிற கடை எங்களுடையது. கனடாவில், மொன்ட்ரியால்-நோரில், தெப்பானர் என்கிற சில்லறைக் கடை ஒன்றுக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்கவேண்டும். கோயிலில் கண்டு, என்ன வியாபாரம் செய்கிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு விளங்கப்படுத்தி அலுத்துவிட்டேன். "பேஸ்பால் சாமானோ?" "இல்லை, அம்பயர்மாருக்கு மட்டும்." "அவையளுக்கு என்ன சாமான்?" என்ன சாமானா? முகமூடி, நெஞ்சுக் கவசம், காற்சட்டைக்குள் கட்டுகிற முழங்கால் தட்டு, இரும்பு முனை வைத்த சப்பாத்து, பந்துகளின் எண்ணிக்கையைச் சில்லைத் திருப்பிக் குறித்து வைக்கிற, உள்ளங்கைக்குள் அடங்கும் சில்லுப் பெட்டி, இடுப்பில் தொங்கும் பந்துப் பை, மண் துடைக்கிற கைத்தூரிகை. ஆட்டக்காரருக்குச் சாமான் விற்க எத்தனையோ பெரிய கடைகள். எல்லாரிடமும் ஏச்சு வாங்குகிற மனிதருக்கு நகரத்தின் இந்தப் பக்கத்தில் நாங்கள்தான்.

தொடங்கியது ஒரு காற்சட்டையில். என் கணவர் துறைமுகப் பக்கம் ஒரு கிட்டங்கியில் வேலை செய்தார். கோடைகாலத்தில் சனி ஞாயிறுகளில் நகரசபைப் பூங்காக்களில் பேஸ்பால் ஆட்டங்களுக்கு அம்பயராக நின்றார். இலங்கையில் கிரிக்கெட் அம்பயராக நின்றவர். இங்கே பேஸ்பால் மைதானம் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. "நிக்கிறதுதானே வேலை, எதில நிண்டா என்ன?" என்று பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்பயர்மார் போடுகிற சாம்பல் நிறக் காற்சட்டை அவருடைய இடுப்புக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. கடைகளில் இருந்தவற்றுக்குள் அவரைப் போல இரண்டு பேர் நிற்கலாம். நான் உடுப்புத் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருந்தவள். ஒன்றைப் பிரித்து, இடுப்பைக் குறுக்கி, காலில் கவசத்துக்கு இடம் விட்டுத் தைத்துக் கொடுத்தேன். மற்ற அம்பயர்மார் அதைப் பார்த்துவிட்டு யார் தைத்தது என்று கேட்டார்கள். கடை அப்படித்தான் வந்தது.

ஞாயிறுகளில் மடக்குக் கதிரையோடு போய், பந்து சனத்தில் படாமல் கட்டிய வலைக்குப் பின்னால் அவருடைய முதுகுக்கு நேரே இருப்பேன். ஆட்டம் எனக்கு இன்றைக்கும் அரைகுறையாகத்தான் விளங்கும். நான் பார்க்கப் போனது தூரிகையை. மட்டையடிப்பவர் நிற்கும் இடத்தில், நிலத்தோடு பதித்த வெள்ளைத் தட்டு ஒன்று இருக்கிறது. மண் மூடினால் அம்பயர் அதைத் துடைக்கவேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. சனங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு குனியக்கூடாது. தட்டுக்கு முன்னால் போய், மைதானத்துக்கு முதுகைக் காட்டி, பார்க்கிற சனத்தின் பக்கம் திரும்பித்தான் குனியவேண்டும். அப்போது மட்டும் அவர் என் பக்கம் பார்ப்பார். குனிய முன் ஒரு புருவம் உயரும். வேறு ஒன்றுமில்லை. அதற்காக நான் வெயிலில் மூன்று மணித்தியாலம் இருப்பேன். இதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

வலைக்குப் பின்னால் இருப்பவள் காதையும் பழக்கிக்கொள்ளவேண்டும். ஆட்டக்காரரின் தகப்பன்மார் கத்துவார்கள். அம்பயர் குருடன், அம்பயருக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள் என்று இரண்டு மொழியில் கத்துவார்கள். தொடக்கத்தில் எனக்கு இரத்தம் கொதித்தது. ஒருமுறை எழும்பி ஒருவருக்குத் தமிழில் நல்லாய்க் கொடுத்தேன். அவர் மெர்சி என்று நன்றி சொன்னார். என் கணவர் எதையும் மனதில் எடுப்பதில்லை. "அது இந்த வேலையோட சேர்ந்து வாற சாமான்" என்பார். கொஞ்சக் காலத்தில் அந்தக் கதை எனக்கும் தொற்றிவிட்டது. அவர் தேத்தண்ணியைச் சிந்தினால், "அவங்கள் கத்துறது சரிதான்" என்பேன். கதவு நிலையில் தோள் முட்டினால், "கண்ணாடி வாங்கித் தரட்டோ?" என்பேன். அவரும் சிரிப்பார், நானும் சிரிப்பேன். இப்போது அதை நினைத்தால் என் வாயில் நானே அடிக்கலாம் போலிருக்கிறது.

கிரிக்கெட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. கலியாணம் கட்டிய புதிதில் அவர் எனக்குச் சொன்னது. ஆட்டக்காரர் அவுட் என்று அம்பயருக்குக் கண்ணால் தெரிந்தாலும், எதிர்ப்பக்கத்தார் அப்பீல் கேட்கவேண்டும். கேட்டால்தான் சுட்டுவிரலைத் தூக்கி அவுட் கொடுக்கலாம். அதுவும் அடுத்த பந்து போட முதல் கேட்கவேண்டும், பிந்திக் கேட்டால் செல்லாது. ஒரு ஆட்டத்தில் பந்து மட்டையில் உரசிக்கொண்டு பின்னால் நின்றவரின் கைக்குப் போனது இவருக்கு மட்டும் கேட்டதாம். ஒருவரும் அப்பீல் கேட்கவில்லை. இவரும் பேசாமல் நின்றார். அந்த ஆள் தொடர்ந்து அடித்து ஆட்டத்தையே வென்று கொடுத்தான்.

"தெரிஞ்சுகொண்டும் சொல்லாமல் நிண்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"கேக்காததுக்கு எப்பிடிக் குடுக்கிறது?" என்றார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பேஸ்பாலில் அப்படி இல்லை. வருகிற ஒவ்வொரு பந்துக்கும் அம்பயர் தானாக வாய் திறந்து சொல்லவேண்டும். யாராவது கேட்கட்டும் என்று முதலில் ஒரு கணம் காத்து நிற்பாராம். அந்தப் பழக்கம் போக ஒரு கோடை முழுதும் எடுத்தது. மைதானத்தில் போய்விட்டது. வீட்டில் போகவில்லை. காய்ச்சல் என்றாலும் நான் நெற்றியைத் தொட்டுக் கேட்டால்தான் ஓம் என்பார்.

பிறகு ஒரு கோடை வந்தது. கடையில் கீழே கிடக்கும் பெட்டிகளில் அவர் கால் இடறத் தொடங்கியிருந்தது. மெற்றோப் படியில் ஒருநாளும் கம்பி பிடிக்காதவர், பிடித்துக்கொண்டு இறங்கினார். அவருக்கும் வயது போகுது, எனக்கும் போகுது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு, வெயில் முகத்தில் அடிக்கிறதென்று கதிரையை நாலு அடி தள்ளிப் போட்டேன். அவர் தட்டுக்கு முன்னால் வந்து திரும்பினார். நான் முதல் இருந்த வெறும் இடத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திவிட்டுக் குனிந்தார். துடைத்து எழும்பியபோது தட்டின் இரண்டு ஓரமும் மண்ணோடு கிடந்தன. அடுத்த முறையும் அப்படித்தான்.

எனக்கு விளங்கவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய். அன்றைக்கே விளங்கிவிட்டது. கேட்டால் உண்மையைச் சொல்வார் என்று தெரியும், அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதனால்தான் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அவர் அந்தத் தட்டுக்குப் பின்னால் நிற்க ஏலாது. என் பக்கம் திரும்பிக் குனிய ஏலாது. மூன்றாம் முறை அவர் துடைக்க வரமுதல் நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் போட்டு, வெயிலுக்குள் இருந்தேன். அவர் புருவத்தை உயர்த்தினார். நான் தலையை ஆட்டினேன்.

அந்தக் கோடையும் அடுத்த கோடையும் நான் கதிரையை அசைக்கவே இல்லை. வெயிலுக்குத் தொப்பி வாங்கினேன்.

மூன்றாவது கோடையின் தொடக்கத்தில், பக்கவாட்டிலிருந்து தட்டை நோக்கி ஓடிவந்த ஆட்டக்காரரை இவர் காணவில்லை. விலகாமல் நின்றார். இருவரும் மோதி விழுந்தார்கள். ஓடிவந்தவருக்கு ஒன்றுமில்லை, உடனேயே எழும்பிவிட்டார். வழக்கம்போல யாரோ அம்பயர் குருடன் என்று கத்த, நாலு பேர் சிரித்தார்கள். என் கணவர் எழும்பி மண்ணைத் தட்டினார். முகமூடியைக் கழற்றினார். அன்றைக்கு மற்ற அம்பயராக நின்றவர் அந்தத் தபால்காரர்தான். இவர் முகமூடியையும் தூரிகையையும் அவருடைய கையில் கொடுத்துவிட்டு வலையைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார்.

கண் வைத்தியர் இளம் பெண், நல்ல பொறுமைசாலி. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றிருக்கிறது என்றார். ஓரங்களில் தொடங்கி நடுவுக்கு வரும், நோகாது. போனது போனதுதான். மிச்சத்தை மருந்து விட்டுக் கொஞ்சக் காலம் பிடித்து வைக்கப் பார்க்கலாம், ஆனால் மிகவும் பிந்தி வந்திருக்கிறீர்கள் என்றார். பார்வை குறைவது எவ்வளவு காலமாகத் தெரியும் என்று அவர் கேட்க, என் கணவர் உடனேயே இரண்டு வருடம் என்றார். கேட்டவுடன் சொன்னார்.

வீட்டுக்குப் போகிற மெற்றோவில் நான் குரலை உயர்த்தினேன். சுற்றிவர ஆட்கள் இருந்தார்கள், இருக்கட்டும்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே."

"இது என்ன, கிரிக்கெட்டோ?"

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீர் அண்டைக்குக் கதிரையை மாத்திப் போட்டனீர். எங்கை இருக்கிறீர் எண்டு பிடிபடேல்லை. பேந்து பழைய இடத்திலையே வந்து இருந்தனீர்" என்றார். "உமக்குத் தெரிஞ்சுபோச்சு எண்டு எனக்கு அப்பவே விளங்கிட்டுது. வீட்டை போய்க் கேப்பீர் எண்டு பாத்தன்."

நான் அழுதேன். முன்னால் இருந்த பெண் கைக்குட்டை நீட்டினார். அழுதது என் கணவருடைய கண்ணுக்காக மட்டும் இல்லை. கேட்பேன் என்று அந்த மனிதர் இரண்டு வருடம் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

கடை நடக்கிறது. அவர் உள்ளே ஒரு முக்காலியில் இருந்து முகமூடிகளுக்குப் பட்டி கட்டுகிறார். கை பழகிவிட்டது. சில்லுப் பெட்டிகளைக் காதருகே பிடித்துத் திருப்பி, சத்தத்தை வைத்தே இது சரி, இதைத் திருப்பி அனுப்பும் என்கிறார். தபால்காரர் வந்தால் ஒரு மணித்தியாலமாவது பக்கத்தில் இருந்து, முந்தின நாள் ஆட்டத்தைப் பந்து பந்தாகச் சொல்லிவிட்டுப் போகிறார். ஞாயிறுகளில் நான் மைதானத்துக்குப் போவதில்லை.

இந்த வசந்தத்தில் ஒரு காலை, புதுப் பெட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தோம். வழக்கமாகத் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்து ஏதாவது பகிடி விடுகிறவர், அன்று பெட்டியைப் பார்த்துக்கொண்டே கதைத்தார். கதவால் நல்ல வெளிச்சம் வந்தது. நான் போய் அந்த வெளிச்சத்தில், அவருக்கு நேர் முன்னால் நின்றேன்.

"இஞ்சருங்கோ, ஒண்டு கேக்கட்டோ?"

"கேளும்."

"என்ரை முகம் தெரியுதோ?"

அவர் கையிலிருந்த முகமூடியை மடியில் வைத்தார். பிறகு சிரித்தார். "பிந்திட்டீர், கொக்கிக்காரி. அடுத்த பந்து போட்டாச்சு."

"பிந்தினாலும் கேக்கிறன்."

"சட்டத்தில இடமில்லை."

"சட்டத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்கோ. தெரியுதோ, இல்லையோ?"

அவர் என் குரல் வந்த பக்கம் நிமிர்ந்தார். ஒரு புருவம் உயர்ந்தது. பிறகு வலது கையின் சுட்டுவிரலை மெல்லத் தூக்கி, நான் வந்து பிடிக்கும்வரை அப்படியே வைத்திருந்தார்.