ஃப்ளூ ஊசியும் என் வீட்டுக்காரரும்

கிளினிக் கவுண்டரில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரியும்: ஊசி போட டாக்டருக்கு ஒரு நொடி போதும், அதைப் போட்டுக்கொள்ளலாமா வேண்டாமா என்று ஒரு குடும்பம் கூடிப் பேசி முடிப்பதற்குள் நம் தாவு தீர்ந்துவிடும். மலேசியாவில், பத்து பாகாட்டில் ஒரு சின்ன கிளினிக்கில் பல வருஷமாக நான் வேலை செய்கிறேன். வெள்ளைச் சட்டை போட்டுக் கவுண்டரில் நின்றாலே இந்த ஊரில் நாம் 'மிஸ்ஸி'தான், அதாவது நர்ஸ். வீட்டில் ஊசிக்குப் பயப்படுகிற ஒரு மனிதரோடு குடும்பம் நடத்துகிறவர்களே, கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். இது நம் கதை.

மகள் போட்ட சட்டம்

எங்கள் மகள் கவிதா ஜொகூர் பாருவில் வாக்கப்பட்டவள். தலைப்பிரசவம். வயிற்றுப் பிள்ளையோடு ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்ட கையோடு எங்களுக்குப் போன் செய்தாள். பிறந்த குழந்தைக்கு அந்த ஊசி போட முடியாது, ஆறு மாதம் ஆகவேண்டும். அதனால் சுற்றி இருக்கிற பெரியவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். நான் எப்போதோ போட்டாயிற்று. குறி அப்பாவுக்குத்தான்.

என் வீட்டுக்காரர் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறார். பேத்தியா பேரனா என்று தெரிவதற்கு முன்பே தொட்டில் வாங்கி வைத்துவிட்டார். ஆனால் ஊசி என்றால் ஆளைக் காணோம். "பத்து வருஷமா எனக்குத் தும்மல்கூட வந்ததில்லம்மா" என்று ஜம்பமாகச் சொன்னார். கவிதா விடவில்லை. "சரிப்பா, நீங்க ஊசி போட வேணாம். பாப்பாவ வாசல்ல நின்னே பாத்துக்குங்க!"

பந்தாங்

பத்தியத்துக்கு இங்கே பந்தாங் என்று பேர். துணி ஃபேக்டரியில் வேலை செய்யும் ஓர் அக்கா, ஊசி போட்டு முடித்ததும் என்னிடம் வந்து, எத்தனை நாளைக்குக் கோழி ஆகாது, இறால் ஆகாது என்று விசாரித்தார். எல்லாம் சாப்பிடலாம் அக்கா, பந்தாங்கே கிடையாது என்றேன். அவர் முகம் தொங்கிப் போனது.

"அலமாக்! பந்தாங் இல்லாத மருந்து எப்படி லா வேல செய்யும்?"

இதை வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னது என் தப்பு. வீட்டுக்காரர் சிரிக்கவே இல்லை, அந்த அக்கா கேட்டது ரொம்ப நியாயம் என்றார்.

புரட்டாசி

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியோடு வந்தார். புரட்டாசி மாதம், நெற்றியில் பளிச்சென்று நாமம். இந்த ஊசி மருந்தை முட்டையில் தயாரிக்கிறார்களாமே என்று கேட்டார். டாக்டர் பொய் சொல்ல மாட்டார், ஆமாம் என்றார். சார் எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டார். மனைவி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"நேத்து பக்கத்து வீட்டு கேக்குல ரெண்டு துண்டு சாப்பிட்டப்ப முட்ட ஞாபகம் வரலியா? நீங்க போடுங்க டாக்டர், பெருமாள்கிட்ட நான் பேசிக்கிறேன்!"

சார் திரும்பி வந்து சட்டைக் கையைச் சுருட்டினார். ஆனால் இதை நான் சொல்லக் கேட்ட அன்று இரவே எங்கள் வீட்டில் ஒருவர் திடீரென்று புரட்டாசி விரதக்காரர் ஆகிவிட்டார்.

பாயின் தே தாரிக்

என் வீட்டுக்காரர் தினமும் தேநீர் குடிக்கும் கடையின் பாய் மெக்காவுக்கு உம்ரா போவதாக இருந்தார். போவதற்கு முன் ஊசி போட வந்தவர், தைரியசாலி மாதிரி வலது கையை நீட்டினார். மறுநாள் நான் காலைப் பசியாறலுக்குப் போனபோது, தே தாரிக்கை ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு இழுத்து ஆற்ற முடியாமல் முனகிக்கொண்டிருந்தார். கை கொஞ்சம் வலிக்கும், இரண்டொரு நாளில் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொன்னேன்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா இடது கைய நீட்டியிருப்பேன்ல மிஸ்ஸி! இன்னிக்கி என் தே தாரிக்ல நுரையே இல்ல!"

பக்கத்து மேசையில் உட்கார்ந்து இதைக் கேட்ட என் வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கை வலித்தால் பஸ் ஸ்டியரிங்கை யார் பிடிப்பது என்று என்னையே கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் ரொட்டி சானாயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனேன்.

கொட்டாவி

பெண் குழந்தை பிறந்தது. முப்பத்தொன்றாம் நாள் எங்கள் வீட்டில்தான் பேர் வைப்பது என்று முடிவாகியிருந்தது. ஊசி உடம்பில் வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்று நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்து, கடைசியில் சண்டையும் போட்டுப் பார்த்துவிட்டேன். அவர் தொட்டிலைத் துடைப்பார், தள்ளிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

பேர் வைக்க இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்த ஒரு சாயங்காலம் கவிதா வீடியோவில் குழந்தையைக் காட்டினாள். பொக்கை வாயைத் திறந்து, தாத்தாவைப் பார்த்து நீளமாக ஒரு கொட்டாவி விட்டது. அவர் போனைக் கீழே வைக்கவே இல்லை. கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி சமையலறைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை கிளினிக் நிறைய ஆட்கள். வெளியே ஃபேக்டரி பஸ் வந்து நின்றது. நைட் ஷிஃப்ட் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற பெண்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கை தட்டினார்கள். டிரைவர் இறங்கி, நேராகக் கவுண்டருக்கு வந்து, என்னை யாரென்றே தெரியாதவர் மாதிரி நின்றார்.

"மிஸ்ஸி, இடது கையில போடச் சொல்லுங்க. வலது கையில பேத்தியத் தூக்கணும்."

ஊரையே பேசிச் சம்மதிக்க வைக்கிற மிஸ்ஸி என்று எனக்குப் பேர். ஆனால் என் வீட்டுக் கேஸைப் பேசாமலே முடித்து வைத்தவள், பல்கூட முளைக்காத ஒருத்தி.